அறுவடையோடு வீட்டுக்கு வரும் வண்டு
காவிரிப் படுகையில் உளுந்தும் பயறும் விளைவிக்கும் உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் உழவர் பெருமக்களுக்கு,

சம்பாவும் தாளடியும் அறுப்புக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே நீங்கள் வீசி விதைக்கிற பயிர் இது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து, பங்குனி சித்திரையில் களத்துக்கு வந்துவிடுகிறது. பெரிய செலவில்லாமல் கைக்கு வரும் வருமானம். ஆனால் அடித்துத் தூற்றிய கையோடு வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். ஏன் அவசரம் என்று கேட்டால், "வச்சிருந்தா வண்டு விழுந்துடும்" என்பார்கள். கடன் நெருக்கடி ஒரு பக்கம் இருக்கட்டும். விலை ஏறும்வரை காத்திருக்க முடிகிறவர்களையும் காத்திருக்க விடாமல் செய்வது இந்த வண்டு பயம்தான்.

பூச்சியியல் படித்து, பல ஆண்டுகள் விதைக் கிடங்குகளோடு பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த வண்டு எங்கே முட்டையிடுகிறது, எத்தனை நாள் மணிக்குள் இருக்கிறது, எதனால் சாகிறது என்று தெரிந்தால், நான்கைந்து மாதம் பயறைச் சேதமில்லாமல் வீட்டிலேயே வைத்திருக்க முடியும். அதற்கு நஞ்சு தேவையில்லை. வண்டுக்காக வீட்டுக்குள் வைக்கக் கூடாத மாத்திரையை வைத்து உயிரைப் பணயம் வைப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருப்பதால், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடுவோம். நாம் வண்டு என்று பொதுவாகச் சொல்வது ஒரே பூச்சி இல்லை. அரிசியில் ஊர்கிற, மூக்கு நீண்ட கூன்வண்டு ஒன்று. அதன் முதுகில் செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு இருக்கும். பெண் வண்டு அரிசியை மூக்கால் குடைந்து, குழிக்குள் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் அதை அடைத்துவிடும். உமி வெடிக்காத நெல்மணிக்குள் அதனால் எளிதில் நுழைய முடியாது. நெல்லாகவே வைத்திருந்து, தேவைக்கு அரைத்துக்கொள்வது அதனால்தான் நல்ல காப்பு. இன்னொன்று தானியத் துளைப்பான். மரம் துளைக்கும் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் தாடைக்கு வலு அதிகம். நெல்லையும் துளைத்து, மூட்டைக்கு அடியில் மாவாகக் கொட்ட வைக்கும். சிவப்பு மாவு வண்டு முழு மணியைத் தின்னாது, நொய்யிலும் மாவிலும்தான் பெருகும். அது பெருகினால், அதன் உடலில் சுரக்கும் குயினோன் என்ற வேதிப்பொருளால் மாவின் நிறம் மங்கிச் சிவந்து, காரமான வாடை அடிக்கும். காப்ரா வண்டின் புழு இரை கிடைக்காவிட்டால் கிடங்குச் சுவரின் விரிசலில் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்து, மூட்டை வந்ததும் எழுந்து வரும்.

உங்கள் உளுந்துக்கும் பயறுக்கும் முதல் எதிரி இவற்றில் எதுவும் இல்லை. அது பயறு வண்டு. கேலோசோபுருக்கஸ் மாகுலேட்டஸ், கேலோசோபுருக்கஸ் சைனென்சிஸ் என்ற இரண்டு இனங்கள் நம் பக்கம் அதிகம். இலை தின்னும் வண்டுகளின் குடும்பத்தில் இவை ஒரு கிளை. நீண்ட மூக்கு கிடையாது. உடல் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். முதுகுச் சிறகு வால்வரை எட்டாமல், பின்பகுதி வெளியே தெரியும். சைனென்சிஸ் இனத்து ஆண் வண்டின் உணர்கொம்பைக் கூர்ந்து பார்த்தால் சீப்புப் பல் போலக் கிளை கிளையாக இருக்கும். பயறு வண்டு நெல்லைத் தொடாது, அரிசியில் பெருகாது. அரிசிப் பானையில் வண்டு வந்ததால் பயறிலும் வந்தது என்று நினைப்பது தவறு. பயறு வண்டுக்குப் பயறு வகைகள் மட்டுமே வாழ்வு. உளுந்தைவிடப் பச்சைப்பயறிலும் தட்டைப்பயறிலும் அது வேகமாகப் பெருகும்.

இந்த மடலில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: பயறு வண்டு பெரும்பாலும் உங்கள் வயலிலேயே பயறுக்குள் புகுந்துவிடுகிறது. செடியில் காய் முற்றி நிறம் மாறும்போதே பெண் வண்டுகள் பறந்து வந்து, காயின் மேல்தோலில் முட்டையிடுகின்றன. பொரிக்கும் புழு காய்த்தோலைத் துளைத்து, உள்ளிருக்கும் மணிக்குள் போய்விடும். வெடித்த காயாக இருந்தால் மணியின் மேலேயே நேரடியாக முட்டை. அறுத்து, காயவைத்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடிக்கும்போது நூற்றுக்கு ஒரு மணியில்கூடப் புழு இல்லாமல் இருக்கலாம். வெளியே ஓட்டை கிடையாது, தூள் கிடையாது, பயறு பளபளவென்று இருக்கும். அந்தச் சில மணிகள் போதும். மூட்டை கட்டி இரண்டு மூன்று வாரத்தில் அவற்றிலிருந்து முதல் வண்டுகள் வெளியே வரும். சாக்கு சரியில்லை, அறை சரியில்லை, பக்கத்து வீட்டுக் குதிரிலிருந்து வந்தது என்று நாம் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

அந்த முதல் வண்டு மூட்டைக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். வெளியே வந்த சில மணி நேரத்தில் இணை சேர்ந்துவிடும். வளர்ந்த வண்டுக்குத் தின்ன எதுவும் தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை வாழ்ந்து முடித்துவிடும். அந்த நாட்களுக்குள் ஒரு பெண் வண்டு 80, 100 முட்டைகள் இடும். ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக மணியின் மேல் பசையால் ஒட்டும். ஒட்டுவதற்கு முன் மணியைச் சுற்றி நடந்து தடவிப் பார்க்கும். ஏற்கெனவே முட்டை இருந்தால், முந்தைய வண்டு விட்டுப்போன வேதி அடையாளத்தை உணர்ந்து, முடிந்தவரை வேறு மணிக்குப் போய்விடும். அதனால் சேதம் ஒரு மூலையில் குவியாமல் மூட்டை முழுக்கப் பரவுகிறது. மணிக்கு ஒரு முட்டைதானே தெரிகிறது என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். ஒரு மணியைப் பாழாக்க ஒரு புழு போதும்.

ஒரு பிடி பச்சைப்பயறை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, வெயில் பக்கமாகத் திரும்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், மணியோடு அப்பிய சிறு புடைப்புகளாக முட்டைகள் தெரியும். சில கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சில சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளையாக இருக்கும். தெளிவாக இருப்பது இன்னும் பொரிக்காதது அல்லது பொரிக்காமலே கெட்டது. வெள்ளையாக இருப்பதில் புழு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. புழு முட்டை ஓட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. ஓட்டின் அடிப்பக்கமாகவே விதைத்தோலைத் துளைத்து நேராக மணிக்குள் இறங்குகிறது. துளைத்த தூளைப் பின்னால் தள்ளித் தள்ளி, காலியான ஓட்டை அந்தத் தூளால் நிரப்பிவிடுகிறது. அந்தத் தூள்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே வெள்ளைப் பொட்டு உள்ள மணியைத் துணியால் துடைத்தோ கழுவியோ பயனில்லை.

உள்ளே போன புழு நான்கு பருவங்களைக் கடந்து, இரண்டு மூன்று வாரம் பருப்பைத் தின்று வளர்கிறது. கடைசியில் கூட்டுப்புழுவாவதற்கு முன், வெளியேற வேண்டிய இடத்தில் விதைத்தோலை மட்டும் மெல்லிய படலமாக விட்டுவைக்கும். பச்சைப்பயறில் அது வட்டமான ஒரு சன்னல் போலத் தெளிவாகத் தெரியும். வண்டாக மாறியதும் அந்த மூடியைத் தள்ளித் திறந்து வெளியே வரும். அதன் பிறகுதான் நம் கண்ணுக்கு ஓட்டை தெரிகிறது. முட்டையிலிருந்து வண்டுவரை, நம் கோடை வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு மாதம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் வண்டு இட்ட முட்டைகளில் 40 மட்டும் பிழைத்து வண்டாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பாதி, அதாவது 20, பெண். இரண்டாம் மாதம் 800 வண்டுகள். அவற்றில் 400 பெண். மூன்றாம் மாத முடிவில் 16,000 வண்டுகள். ஒரு கிலோ உளுந்தில் இருப்பது சுமார் 20,000 முதல் 25,000 மணிகள். சித்திரையில் ஒற்றை வண்டு, ஆடியில் ஏறத்தாழ ஒரு கிலோ உளுந்தை ஓட்டையாக்கும் கூட்டம். மூட்டையில் ஒரு வண்டுதான் இருக்கும் என்றும் இல்லை. இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, திடீரென்று ஒரே வாரத்தில் விழுந்துவிட்டது என்று பலரும் சொல்வது இந்தப் பெருக்கத்தைத்தான். அது திடீரென்று விழவில்லை. அறுவடை நாளிலிருந்தே மாதத்துக்கு ஒரு தலைமுறையாகப் பெருகிக்கொண்டிருந்தது.

இந்த வண்டிடம் இன்னொரு திறமையும் உண்டு. மூட்டையில் கூட்டம் பெருகி, புழுக்கள் நெருக்கியடித்து, சூடு ஏறும்போது, மாகுலேட்டஸ் இனத்தில் வேறு வடிவ வண்டுகள் தோன்றுகின்றன. மற்றவை சோம்பலாக மணிக்கு மணி நடந்து திரியும். இவை நன்றாகப் பறக்கும், முட்டையிடும் அவசரம் இருக்காது, நீண்ட நாள் வாழும். ஜப்பானில் உட்டிடா என்ற பூச்சியியலாளர் 1950களில் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே இனம், சூழலைப் பார்த்து இரண்டு வடிவம் எடுக்கிறது. தானியம் தீரப்போகிறது என்பதை உணர்ந்து, அடுத்த வயலைத் தேடிப் போகும் தூதர் படை அது. மூலையில் போட்டு மறந்துவிட்ட பழைய சாக்கு, விதைத்ததுபோக மீந்த அரைப்படி பயறு, கோழிக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்த சொத்தைப் பயறு ஆகியவற்றிலிருந்துதான் மறுபடியும் வயலுக்கு வண்டு போகிறது. மாசியில் செடி காய் பிடிப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் பழைய பயறையெல்லாம் தீர்த்துவிடுங்கள். சாக்கை உதறி, வெந்நீரில் முக்கிக் காயவையுங்கள். சொத்தைப் பயறை ஊறவைத்து மாட்டுக்கு வைத்துவிடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் செய்தால் பாதிப் பயன். தெருவே சேர்ந்து செய்தால்தான் வயல் பிழைக்கும்.

இனி என்ன செய்யலாம் என்று வருகிறேன். நான் சொல்லப்போகும் பலவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்தவர்கள்தான். அவை ஏன் பலித்தன, எங்கே பலிக்காமல் போயின என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காலம்தான் முதல் விதி. வயலில் இட்ட முட்டையிலிருந்து வண்டு வெளியே வருவதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். அடித்த பத்து நாளுக்குள் எல்லா வேலையும் முடியவேண்டும். ஓட்டை தெரிந்த பிறகு காயவைப்பதும், முறத்தில் புடைத்து வண்டை நீக்குவதும் பாதி வேலைதான். நீங்கள் புடைத்து எறிகிற ஒவ்வொரு வண்டும் அதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கலாம். மணிக்குள் இருக்கும் புழு முறத்துக்கு அகப்படாது.

அடுத்தது வெயில். பயறின் ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்லே ஈரமானி. கடித்தால் மணி நசுங்காமல் பட்டென்று உடையவேண்டும். சித்திரை வெயில் நமக்குக் கிடைத்த வரம். உணவுக்கு வைக்கும் பயறைக் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிய படுகையாகப் பரப்பி, மேலே தெளிவான பாலித்தீன் தாளை மூடி, ஓரங்களில் கல்லை வைத்துவிட்டால், உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே சாகும். வெறுமனே வெயிலில் கொட்டி வைத்தால் வண்டு ஓரத்து நிழலுக்கு ஓடிவிடும். மணிக்குள் இருக்கும் புழுவுக்கும் அந்தச் சூடு எட்டாது. விதைக்கு எடுத்து வைக்கும் பயறை மட்டும் இப்படித் தாள் மூடிச் சூடேற்ற வேண்டாம். முளைப்புத் திறனைப் பணயம் வைக்காமல் திறந்த வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததை நன்றாக ஆறவிட்டுத்தான் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து ஈரம் சேரும்.

உணவுக்கென்று வைப்பதை உடைத்துப் பருப்பாக்கி வைப்பது நல்ல வழி. தாய் வண்டு முட்டையிட நாடுவது உருண்டையான, வழவழப்பான முழு மணியை. உடைத்த பருப்பை அது விரும்புவதில்லை. உடைக்கும்போது உள்ளே இருந்த புழுவும் வெளிப்பட்டு அழிகிறது.

முழுப் பயறாகவே வைக்கவேண்டும் என்றால் எண்ணெய். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ வேப்பெண்ணெயோ எடுத்து, எல்லா மணியிலும் படும்படி பிசிறி வையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சுத் துளையை அடைத்து, உள்ளிருக்கும் கருவை மூச்சுத்திணற வைக்கிறது. வழுக்கும் மணியில் முட்டையும் சரியாக ஒட்டுவதில்லை. ஆனால் ஏற்கெனவே மணிக்குள் ஆழமாகப் போய்விட்ட புழுவை எண்ணெய் எல்லாச் சமயத்திலும் கொல்லாது. எண்ணெய் தடவியும் வண்டு வந்தது என்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாதம் தாமதித்துத் தடவியவர்களே.

சாம்பலும் செம்மண்ணும் வேறு வழியில் வேலை செய்கின்றன. பூச்சியின் உடலில் உள்ள ஈரம் ஆவியாகாமல் காப்பது அதன் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சு. நுண்ணிய தூள் அந்த மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் எடுத்துவிடும். தண்ணீரே குடிக்காத வண்டு அதன் பிறகு வறண்டு சாகும். தூள் மணிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளையும் அடைத்து, வண்டு நடமாடி இணை தேடுவதைத் தடுக்கும். துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த நம் முன்னோர் செய்தது இதைத்தான். இன்று விதைப் பயறுக்கு 100 கிலோவுக்கு ஒரு கிலோ கயோலின் களிமண் தூள் கலக்கும்படி பரிந்துரைக்கப்படுவதும் இதே காரணத்தால். சேமிப்புப் பாத்திரத்தின் மேல்பரப்பில் இரண்டு மூன்று விரல் கனத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்புவதும் பலன் தரும். பயறு வண்டு குவியலின் மேல்பரப்பில்தான் அதிகம் திரியும். வேப்பிலை, நொச்சி, புங்கம், வசம்பு ஆகியவற்றின் வாடை வண்டை விலக்கும். ஆனால் ஏற்கெனவே புழு இருக்கும் மூட்டையை அவை மட்டுமே காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. நன்றாகக் காய்ந்த பயறுக்கு அவை துணை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் உறுதியானது காற்றுப் புகாமல் மூடுவது. கேமரூனில் 1980களின் இறுதியில், இதே மாகுலேட்டஸ் வண்டிடமிருந்து தட்டைப்பயறைக் காக்க அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். கனமான பாலித்தீன் பை ஒன்றுக்குள் இன்னொன்று, அவற்றுக்கு வெளியே ஒரு சாக்கு. நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வொரு பையையும் தனித்தனியே இறுக்கக் கட்டவேண்டும். மருந்து எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் புழுக்களே உயிர்வளியைச் சுவாசித்துத் தீர்க்கும். வறண்ட மணிக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தின்ற மாவுச்சத்தை உயிர்வளியோடு எரித்துத்தான் தனக்கு வேண்டிய நீரை அது உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. உயிர்வளி குறைந்தால் அந்த நீர் நின்றுவிடும். புழு தின்பதை நிறுத்தி, வறண்டு சாகும். தாகத்தால் சாகும் பூச்சி என்பதை இந்த ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். மூடி இறுகும் நல்ல பிளாஸ்டிக் டிரம்மும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வாய்வரை நிரப்பவேண்டும், இரண்டு மாதமாவது திறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை திறந்து ஆழாக்கு எடுத்தால் ஒவ்வொரு முறையும் புழுவுக்கு மூச்சு கொடுக்கிறீர்கள். சமையலுக்கு வேண்டியதைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, டிரம்மை மூடிவிடுங்கள்.

சாக்கில் வைப்பவர்கள் கண்காணிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியக் குவியலில் செருகி வைக்கும் துளையிட்ட குழாய்ப் பொறியையும், பயறுக்கென்று மேல்பரப்பில் வைக்கும் குழிப்பொறியோடு சேர்ந்த பொறியையும் வடிவமைத்திருக்கிறது. காற்றோட்டத்தை நோக்கி நகரும் வண்டின் இயல்பே அவற்றின் சூட்சுமம். ஊர்ந்து வரும் வண்டு துளை வழியே உள்ளே விழுந்து, ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும். முதல் மாதத்திலேயே இரண்டு வண்டு விழுந்தால், உடனே மூட்டையைப் பிரித்துக் காயவைக்கலாம். கூடவே ஒரு வேண்டுகோள்: பயறு மூட்டையில் எறும்பைவிடச் சிறியதாக, மெல்லிய கறுப்புக் குளவிகள் திரிந்தால் அவற்றை நசுக்காதீர்கள். மணிக்குள் ஒளிந்திருக்கும் புழுவைக் கண்டுபிடித்து, ஊசி போன்ற உறுப்பால் துளைத்து, அதன்மேல் முட்டையிட்டு அழிப்பவை அவை. பயறைத் தின்னாது, மனிதரைக் கொட்டாது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அலுமினியம் பாஸ்பைடு என்ற அந்த மாத்திரை, கோதுமை மாத்திரை, சல்பாஸ் என்று பல பேரில் புழங்குகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை வெளியிடும். உயிரணுக்கள் ஆற்றல் உண்டாக்கும் இடத்தையே அந்த வாயு முடக்குகிறது. பூச்சிக்கு அது செய்வதை மனிதருக்கும் செய்யும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மூட்டைக்குள் மாத்திரையைப் போட்டு, அதே அறையிலோ பக்கத்து அறையிலோ குழந்தைகளைத் தூங்கவைக்கிறீர்கள் என்றால், சாக்கு அந்த வாயுவைத் தடுத்து நிறுத்தாது. கதவிடுக்கிலும் சுவர் விரிசலிலும் புகுந்து வரும். இந்தியச் சட்டப்படி இந்தப் புகையூட்டலை அரசு அமைப்புகளும், ஒப்புதல் பெற்ற நிபுணர் மேற்பார்வையில் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே செய்யலாம். 10, 20 மாத்திரை அடங்கிய சிறு குழாய்கள் தடைசெய்யப்பட்டவை. கடைக்காரர் பொட்டலம் கட்டி இரண்டு மாத்திரை கொடுத்தால், அதைக் கொடுப்பதும் வாங்குவதும் தவறு.

உயிருக்கு ஆபத்து என்பதோடு, வீட்டில் போடும் மாத்திரை வண்டுக்கும் சரியாக எட்டாது. வளர்ந்த வண்டும் சுறுசுறுப்பான புழுவும் நிறைய மூச்சு வாங்குவதால் சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் மெதுவாகச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். அவையும் சாகவேண்டும் என்றால், வாயு கசியாத உறைக்குள் நாள்கணக்கில் அடைத்து வைக்கவேண்டும். கசியும் சாக்கில் அரைகுறையாகப் போடும் மருந்து, பிழைக்கத் தெரிந்த வண்டுகளை மட்டும் மிச்சம் வைத்து, அவற்றைப் பெருக்குகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1972-73இல் உலகளவில் நடத்திய ஆய்விலேயே பாஸ்பீனுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கிடங்குப் பூச்சிகள் பல நாடுகளில் தென்பட்டன. 2012இல், தானியத் துளைப்பானிலும் சிவப்பு மாவு வண்டிலும் அந்த எதிர்ப்புத் திறனுக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஆற்றல் உற்பத்தியில் பங்குகொள்ளும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணு அது. பெரிய அரசுக் கிடங்குகள் இன்றும் நம்பியிருக்கும் இந்த வாயுவை, வீடுகளில் அரைகுறையாகப் போட்டு வீணாக்கிவிடக் கூடாது. தெளிக்கும் பூச்சிமருந்தையும் தூள் மருந்தையும் தின்னும் பயறில் கலப்பது இன்னும் மோசம். அதைத் தின்னப்போவது உங்கள் பிள்ளைகளும், உங்களிடம் வாங்கியவரின் பிள்ளைகளும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று. முதலாவது, இந்தச் சித்திரையில் விற்பதில் ஒரு பகுதியை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள். அடித்த பத்து நாளுக்குள் காயவைத்து, ஆறவிட்டு, இரட்டைப் பையிலோ டிரம்மிலோ இறுக்கி மூடுங்கள். ஆவணியில் திறந்து, நூறு மணி எண்ணி, எத்தனையில் ஓட்டை என்று பாருங்கள். எந்தப் பேச்சையும்விட அந்த எண்ணிக்கை உங்களுக்கு நம்பிக்கை தரும். வீட்டில் இடமில்லை என்றால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கையும், அங்கே இருப்பு வைத்த விளைபொருளின்மேல் கிடைக்கும் பொருளீட்டுக் கடனையும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, இதைத் தனித்தனி வீட்டு வேலையாக விடாமல் ஊர் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுவோ ஓர் ஈரமானியையும் சில தார்ப்பாய்களையும் பொதுவில் வாங்கி வைத்தால் ஊரே பயன்படுத்தலாம். மாசி பிறக்கும் முன் பழைய பயறையும் பழைய சாக்கையும் எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் சுத்தம் செய்யுங்கள். பறக்கும் வண்டுக்கு வரப்பு கிடையாது. என் வீட்டுச் சொத்தைப் பயறிலிருந்து கிளம்பும் வண்டு உங்கள் வயலில்தான் முட்டையிடும்.

மூன்றாவது, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களே குழியில் போடாதீர்கள், சாக்கடையிலோ தண்ணீரிலோ போடாதீர்கள். அதைத் தொடாமல், நனையாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், ஆள் புழங்காத காற்றோட்டமான இடத்தில் விட்டுவிட்டு, வட்டார வேளாண்மை அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். இல்லாதவர்கள் இனி வாங்காதீர்கள். வண்டைக் கொல்ல வெயிலும் எண்ணெயும் இறுகக் கட்டிய பையும் போதும். அந்த மாத்திரை வீட்டுக்குள் இருக்கவே கூடாது.

உங்கள் விளைச்சலில் அக்கறையுள்ள,
ஒரு பூச்சியியல் ஆசிரியர்